பிளாஸ்ரர் ஒட்டிய விசை

ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி காலையில், தேநீர் குடிப்பதற்கு முன்னர், ஜெகதீஸ்வரி பற்றரி மாற்றுவாள்.

அலுமாரியின் நடுத் தட்டில், மடித்த சேலைகளுக்குப் பின்னால், ஒரு பழைய தலையணை உறைக்குள் அந்த இயந்திரம் இருந்தது. அதை வெளியே எடுத்து மேசையில் வைப்பாள். முதலில் அடப்ரரைச் சுவரில் செருகி, அதன் மறு நுனியை இயந்திரத்தின் பின்புறம் பொருத்துவாள். அதன் பின்னரே அடிப்பாகத்து மூடியைத் திறந்து, நான்கு பழைய பேனாப் பற்றரிகளையும் எடுத்துவிட்டு நான்கு புதியவற்றைப் போடுவாள். இந்த ஒழுங்கு மாறினால் இயந்திரத்தின் நினைவு ஒரு கணத்தில் வெறுமையாகிவிடும். பதினெட்டு ஆண்டுகளில் அது ஒருமுறையும் மாறவில்லை. வேலை முடிந்ததும் சுவர்க் கலண்டரில் அன்றைய திகதியின் கீழே சிவப்பு மையால் ஒரு கோடு இடுவாள். அதன் பிறகுதான் கேத்தல் அடுப்பில் ஏறும்.

இயந்திரம் என்பது ஒரு பெரிய அப்பியாசக் கொப்பியின் அளவான கணினி. எண்பதுகளின் நடுப்பகுதியில் வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் தம் நிருபர்களுக்குக் கொடுத்த வகை. முழுமையான விசைப்பலகை, அதற்கு மேலே எட்டு வரிகளை மட்டும் காட்டும் ஒரு சிறிய திரை. ஜெகதீஸ்வரியின் கணவர் நாகேந்திரம் அதை மடியில் வைத்து, ஓடும் ரயிலிலும் கந்தோர்ப் படிக்கட்டிலும் இருந்து செய்தி எழுதுவார். 1990ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு காலை அவர் வீட்டிலிருந்து வெளியே போனார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"ஜெகா, மெஷினிலை ஒண்டு எழுதிக்கொண்டிருக்கிறன். பற்றரியைச் சாகவிடாதையும். வந்து முடிக்கிறன்."

அவர் வரவில்லை. காலி வீதியின் பஸ் தரிப்பிடத்தில் அவரைக் கண்டதாகச் சொன்ன இருவர் இரண்டு விதமாகச் சொன்னார்கள். அவள் ஏறி இறங்கிய இடங்களிலெல்லாம் அப்படி ஒருவர் இல்லை என்ற ஒரே விடை கிடைத்தது. பற்றரி மட்டும் சாகவில்லை.

திரை செத்துவிட்டது. வெள்ளவத்தையின் கடற்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. யன்னல் பிணைச்சல்களைத் தின்று முடித்த கையோடு, 1993இல் அந்தச் சிறிய திரையையும் கறுப்பாக்கிவிட்டது. அதன் பின்னர் இயந்திரம் கண் மூடிக்கொண்டு நினைவோடு கிடக்கும் ஒரு நோயாளியைப் போல அலுமாரிக்குள் கிடந்தது.

2008ஆம் ஆண்டில் ஒரு மாதத்தின் முதலாம் திகதி, கோடு இட்ட மை காய்வதற்கு முன் கதவு தட்டப்பட்டது. மேல்மாடியில் வசிக்கும் வீட்டுக்காரி நாகேஸ்வரி மூச்சு வாங்க உள்ளே வந்தாள்.

"ஜெகா அக்கா, பின் ஒழுங்கையிலை நேற்றுச் செக்கிங். தெரியுமோ?"

"தெரியும். கதவைச் சாத்திப்போட்டு வந்து கதையும்."

"ஒரு பழைய றேடியோவுக்காகத் தகப்பனையும் மகனையும் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள். றேடியோ, அக்கா! அதுவும் பாடாத றேடியோ. அதை வைச்சு ஆரோடை கதைக்கிறனி எண்டு கேட்டவங்களாம்." சொல்லிக்கொண்டே வந்தவளின் கண் மேசையில் விழுந்தது. "ஐயோ, உது இன்னும் இருக்கோ?"

"இருக்கு."

"வயர், பற்றரி, கறுத்தக் கண்ணாடி. உதைப் பார்த்தால் எனக்கே குண்டு மாதிரி இருக்கு. அவங்களுக்கு எப்பிடி இருக்கும்?"

"குண்டு எப்பிடி இருக்கும் எண்டு உமக்கு ஆர் காட்டினது?"

"பகிடி விடாதேங்கோ அக்கா. மேலை நானும் ரண்டு குமர்ப்பிள்ளையளும். இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கடை ஒழுங்கையாம். அதுக்குள்ளை ஒண்டில் இது வெளியாலை போகவேணும், இல்லாட்டில்..." நாகேஸ்வரி நல்லவள், எஞ்சியதை விழுங்கிக்கொண்டாள். "தண்டவாளத்தைத் தாண்டினால் கடல். ஒரு பையிலை போட்டு எறிஞ்சால் ஆர் காணப் போயினம்?"

போகும்போது கையில் இருந்த தாளை மேசையில் வைத்தாள். "வீட்டிலை இருக்கிற ஆக்களின்ரை விபரப் படிவம். போட்டோக் கொப்பி எடுத்தனான். நிரப்பி வையுங்கோ, வந்து வாங்குவாங்களாம்."

கதவு சாத்தப்பட்டது. ஜெகதீஸ்வரி படிவத்தைத் தொடாமல் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

இதே போன்ற ஒரு படிவம் 1990 ஜூன் மாதத்திலும் வந்தது. பெயர், வயது, தொழில், பிறந்த இடம். அப்பொழுது அவள் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் தட்டச்சாளராக இருந்தாள். முப்பத்தொரு ஆண்டுச் சேவையில் அவள் அடித்த தாளில் பிழை கண்டு திருப்பி அனுப்பிய நீதிமன்றம் இல்லை. வீட்டுப் படிவத்தையும் அவளே அடித்தாள். நாகேந்திரம் பின்னால் நின்று, கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, மெல்லச் சொன்னார்:

"தொழில் எண்ட இடத்திலை 'கிளாக்' எண்டு அடியுமன். பிறந்த இடத்துக்கு யாழ்ப்பாணம் எண்டு போட்டால் அது முழுப் பொய்யுமில்லை."

"யாழ்ப்பாணம் மாவட்டம். அவங்கள் கேட்டது பிறந்த இடம்."

"ஜெகா..."

"மடியிலை கனமில்லாட்டில் வழியிலை என்ன பயம்?"

"கனம் மடியிலை இல்லையப்பா. ஊரின்ரை பேரிலை இருக்கு."

அவர் சொன்னது எல்லோருக்கும் தெரிந்த உண்மை. அடையாள அட்டையில், இயக்கத் தலைவர் பிறந்த அந்த ஊரின் பெயரைச் சுமந்தவர்களைச் சோதனைச் சாவடிகளில் மற்றவர்கள் போன பின்பும் நிறுத்தி வைப்பார்கள். ஆயினும் எழுதுவினைஞர் என்று பொய் அடிக்க அவளுடைய விரல் வளையவில்லை. செய்தியாளர் என்று அடித்தாள். வல்வெட்டித்துறை என்று அடித்தாள். ஒவ்வொரு எழுத்தும் அச்சுப் போல விழுந்தது. நாகேந்திரம் அதைப் பொலிசில் கொடுக்கவென்று நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும், அவள் கேட்பதற்கு முன்னரே, "குடுத்திட்டன்" என்றார். பதினோராம் நாள் காலையில் அவர் இல்லை.

அந்தப் படிவத்தையும் அவர் காணாமற்போனதையும் எவரும் அவளிடம் இணைத்துச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. போன கந்தோர்களிலெல்லாம் அவரைப் பற்றி விசாரித்தாள். படிவம் வந்து சேர்ந்ததா என்று மட்டும் ஓரிடத்திலும் கேட்கவில்லை.

இயந்திரத்தில் இருப்பதை ஏன் வாசிக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு, "ஒருத்தர் முடிக்காத எழுத்தை மற்ற ஆள் வாசிக்கிறது மரியாதையில்லை" என்பாள். திரை தெளிவாக இருந்த மூன்று ஆண்டுகளிலும் அதே விடையைத்தான் சொன்னாள். உள்ளே கிடப்பது நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய செய்தி என்று தன்னைத் தானே நம்பவைத்தும் இருந்தாள். ஆனால், விளக்கணைத்துப் படுத்ததும் வேறொரு கேள்வி வந்து கால்மாட்டில் உட்காரும். அதற்குள் அந்தப் படிவத்தைப் பற்றி அவர் எழுதியிருந்தால்? உன் பிடிவாதத்தால்தான் என்று ஒரு வரி இருந்தால்? வாசித்தால் அந்த வரி பிறந்துவிடும். அழியவிட்டால் அவர் இறந்துவிடுவார். ஆகவே அவள் இரண்டையும் செய்யாமல், மாதந்தோறும் நான்கு பற்றரி போட்டுவந்தாள்.

அவர் போன பின் வந்த படிவங்களில் ஆட்களின் தொகை என்ற இடத்தில் அவள் ஒன்று என்றே அடித்தாள். இல்லாத ஆம்பிளையின் பெயரைப் போட்டு வம்பை விலைக்கு வாங்காதேயுங்கள் என்று சட்டத்தரணியே சொல்லியிருந்தார்.

கடலில் எறிவதற்கு அவளால் முடியாது. அலுமாரிக்குள் விடவும் இனி முடியாது. அன்று பிற்பகல் அவள் கொட்டாஞ்சேனைக்குத் தொலைபேசி எடுத்தாள்.

செபஸ்தியன் மறுநாள் வந்தார். ஐம்பதை நெருங்கும் மனிதர். கொட்டாஞ்சேனையில் தம் வீட்டு முன்னறையில் இருந்து கணினி திருத்துபவர். அவளுடைய புதுக் கணினியைப் பூட்டித் தந்தவரும் அவரே. எந்த இயந்திரத்தைத் திறப்பதற்கு முன்னரும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். தலையணை உறையிலிருந்து வெளியே வந்ததைக் கண்டதும் சிலுவை போடவும் மறந்துவிட்டார்.

"அட, இது எங்கட ஆள்! ஒருகொடவத்தை யாட்டில நான் கிளாக்கா இருக்கேக்க, கொண்டெய்னர் நம்பர் அடிக்க இதைத்தான் தந்தவங்க. மழைக்குள்ளயும் அடிச்சனாங்க. அக்கா, நாங்க செத்தாலும் இது சாகாது."

"வாயைக் கழுவும்."

"பிழைதான், மன்னிச்சுக்கொள்ளுங்க." அவர் இப்போது சிலுவை போட்டார். அவள் பிரச்சினையைச் சொல்லி முடித்ததும் தலையைச் சொறிந்தார். பின்பு சிரித்தார். "ஒளிச்சு வைச்சால்தான் அக்கா இது குண்டு. மேசையில வைச்சால் கீபோட்."

"விளங்கச் சொல்லும்."

"இதுக்குப் பின்னால ஒரு கேபிள் போற வாசல் இருக்கு. உங்கட புதுக் கொம்பியூட்டரிலயும் அதே வாசல் இருக்கு. இப்ப ஒருத்தரும் பாவிக்கிறதில்ல. கை ஏலாத ஆக்கள் வேற சாமான் பூட்டி எழுதட்டும் எண்டு கொம்பியூட்டருக்குள்ள ஒரு வசதி வைச்சிருக்காங்க. அதைத் திறந்துவிட்டால், இதில நீங்க தட்டுற எழுத்து அந்தத் திரையில போய் விழும். அவ்வளவுதான். பழைய கீபோட், கிழவி ஒராள் பாவிக்கிறா எண்டு பார்த்திட்டுப் போவாங்க."

"கிழவி?"

"அவங்க சொல்லுவாங்க அக்கா. நான் சொல்லல்ல."

"உள்ளுக்கு இருக்கிறதுக்கு என்ன நடக்கும்?"

"அது அப்பிடியே இருக்கும். நான் தொடமாட்டன்."

செபஸ்தியன் கேபிளைப் பூட்டினார். கறுத்த திரையைப் பார்க்காமல், சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டே, பழைய விசைகளில் நாலைந்து வரிக் கட்டளை அடித்தார். யாட்டில் அடித்துப் பழகிய விரல்கள் அவை; அவற்றுக்குக் கண் தேவைப்படவில்லை. முதலில் இயந்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தார். விடை புதுக் கணினியின் திரையில் வந்து விழுந்தது.

"ஒரே ஒரு பைல்தான் உள்ள இருக்கு, அக்கா. அதுக்குப் போட்டிருக்கிற பேர்..." அவர் நிறுத்தி அவளைப் பார்த்தார். "ஜே, ஈ, ஜி, ஏ."

ஜெகதீஸ்வரி கதிரையில் அமர்ந்தாள். நிறுவனத்துக்கு அனுப்பும் செய்திக்கு எவரும் மனைவியின் பெயரை இடுவதில்லை.

"மேல் வரிசையில மூண்டாவது விசை," என்றார் செபஸ்தியன், குரலைத் தாழ்த்தி. "அதை அமத்தினால் முழுக்க அங்க வந்து விழுகிற மாதிரிச் செய்திருக்கிறன். மெதுவாத்தான் விழும், ஆரோ இருந்து அடிக்கிற மாதிரி. வேகமா விட்டால் புது மெஷின் எழுத்தை விழுங்கிப்போடும். இப்ப எடுத்துப் பார்ப்பமா?"

"வேண்டாம்."

"ஒரு நிமிசம் ரெண்டு நிமிசம்தான் அக்கா."

"வேண்டாம் எண்டு சொன்னனான்."

"அப்ப அந்த விசையைச் சும்மா ஆக்கிவிடட்டா? தெரியாமல் கை பட்டாலும்?"

அவள் எழுந்து போய் மருந்துப் பெட்டியிலிருந்து பிளாஸ்ரர் எடுத்து வந்தாள். அளவாக ஒரு துண்டு வெட்டி, நான்கு மூலையும் படிய, மூன்றாவது விசையின் மேல் ஒட்டினாள்.

"இருக்கட்டும்," என்றாள்.

அடுத்த நான்கு நாட்களும் அவள் அந்த விசைப்பலகையிலேயே வேலை செய்தாள். ஓய்வு பெற்ற பின்பு அவள் வீட்டில் இருந்து ஆங்கிலத்தில் மனு அடித்துக் கொடுத்துவந்தாள். பிள்ளையைக் காணவில்லை, சகோதரனைக் காணவில்லை என்று வருபவர்களின் மனுக்கள். ஒரே வசனங்கள், வேறு பெயர்கள். பழைய விசைகள் ஆழமாக இறங்கி, உறுதியாக எழுந்தன. சிலவற்றின் மேற்பரப்பு தேய்ந்து வழவழப்பாக இருந்தது. அந்தத் தேய்மானத்தை உண்டாக்கிய விரல்களை அவள் அறிவாள். பிறருடைய கணவரைத் தேடும் வரிகளைத் தன் கணவருடைய விரல்கள் கிடந்த பள்ளத்தில் விரல் வைத்து அடித்தாள். அதற்குக் கீழே, பிளாஸ்ரருக்கு அடியில், அவளுடைய பெயர் இடப்பட்ட ஏதோ ஒன்று காத்துக்கொண்டு இருந்தது.

வியாழக்கிழமை பிற்பகல் அது நிகழ்ந்தது. ஒரு தாயின் மனுவில் மகன் கடைசியாக அணிந்திருந்த சட்டையின் நிறத்தைச் சரிபார்ப்பதற்காக அவள் கைகளை எடுத்துக் குறிப்பைப் புரட்டினாள். நிமிர்ந்தபோது, திரையில் எழுத்து விழும் இடத்தைக் காட்டும் கோடு நகர்ந்துகொண்டு இருந்தது. ஓர் இடைவெளி. சற்று நின்று, இன்னோர் இடைவெளி. பின்பு விரைவாக இரண்டு.

அவளுக்கு அந்தத் தாளம் தெரியும். நாகேந்திரத்துக்குச் சொல் வராதபோது கட்டைவிரல் இடைவெளிக் கட்டையைத் தட்டிக்கொண்டே இருக்கும். அவருடைய செய்திகளின் நடுவில் வெறும் வெளிகள் கிடக்கும். "என்ன, குதிரை ஓட்டுறியளோ?" என்று அவள் சமையலறையிலிருந்து கேட்பாள். "பொறும், சொல் வரட்டும்," என்பார்.

செபஸ்தியன் தொலைபேசியில் சிரித்தார். "உப்பு அக்கா. கட்டைக்குக் கீழ இருக்கிற ஸ்பிரிங்கில உப்புப் பிடிச்சிருக்கும். வந்து துடைச்சுத் தாறன்."

"வேண்டாம்," என்றாள் ஜெகதீஸ்வரி. மனுவில் வெறும் வெளி இருக்கக் கூடாது. அவள் திரும்பி வந்து, அந்த இடைவெளிகளை ஒவ்வொன்றாக, மிக மெதுவாக, அழித்தாள்.

சனிக்கிழமை வீட்டுப் படிவத்தைச் செய்தாள். நாகேஸ்வரி தந்த பிரதியின் கட்டங்கள் கோணலாக இருந்தபடியால் அதே படிவத்தைக் கணினியில் நேரான கட்டங்களோடு மறுபடி அமைத்தாள். ஆட்களின் தொகை: ஒன்று. அச்சிட்டு, கையொப்பமிட்டு, மேசையின் வலது மூலையில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். ஓர் அதிகாரி, இரண்டு சிப்பாய்கள், ஒரு பெண் கான்ஸ்டபிள். மேல்மாடியைப் பார்த்து முடித்துவிட்டுக் கீழே இறங்கியவர்களின் பின்னால் நாகேஸ்வரியும் வந்து கதவு நிலையில் ஒட்டிக்கொண்டு நின்றாள். அதிகாரிக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். மூக்குக் கண்ணாடி அணிந்தவர். காலணியின் மண்ணைக் கால்துடைப்பானில் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். ஜெகதீஸ்வரி அதைக் கவனித்தாள்.

அவர் படிவத்தை வாசித்து, அதன் நேர்த்தியைக் கண்டு புருவம் உயர்த்தினார். அலுமாரி திறக்கப்பட்டது, சேலைகள் வெளியே வந்தன. ஒரு சிப்பாய் மேசைக்கு வந்து துப்பாக்கியின் நுனியால் சுட்டினான்.

"மேக்க மொகக்த?" இது என்ன என்று கேட்டான்.

"கீபோட் எக," என்றாள் அவள்.

அதிகாரி அருகே வந்து குனிந்தார். கேபிள் எங்கே போகிறது என்று கண்ணால் தொடர்ந்தார். "அடித்துக் காட்டுங்கள், ஆன்ட்டி," என்றார் சிங்களத்தில். அவள் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து அன்றைய திகதியை அடித்தாள். எழுத்துகள் திரையில் விழுந்தன. சிப்பாய்க்கு ஆர்வம் போய்விட்டது. கதவருகே நாகேஸ்வரி மூச்சு விட்டது கேட்டது.

அதிகாரிக்கு மட்டும் ஆர்வம் போகவில்லை. பழைய பொருட்களில் பிரியம் உள்ளவர் போலும். விசைகளின் மேலாக விரலை ஓட விட்டவர், மேல் வரிசையில் நின்றார்.

"இதற்கு என்ன, காயமா?"

"கெடிலா," என்றாள் ஜெகதீஸ்வரி. உடைந்துவிட்டது.

அறுபத்துமூன்று வயதில், ஓர் அரச அலுவலர் கேட்ட கேள்விக்கு அவள் சொன்ன முதற் பொய் அது. எவ்வளவு இலகுவாக வாயிலிருந்து போனது என்பதை அவள் வியப்போடு கேட்டுக்கொண்டு நின்றாள். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னர் இதே இலகுவோடு 'கிளாக்' என்று அடித்திருக்கலாம். ஆங்கிலத்தில் வெறும் ஐந்து எழுத்து.

அதிகாரி நகத்தால் பிளாஸ்ரரின் ஒரு மூலையைக் கிளப்பினார். அதில் வஞ்சகம் எதுவும் இருக்கவில்லை. உடைந்த விசை எப்படி உடைந்திருக்கிறது என்று பார்க்கும் ஆவல் மட்டுமே. பிளாஸ்ரர் உரிந்து வந்தது. அவர் விசையை அழுத்தினார்.

சிறிது நேரம் ஒன்றும் நிகழவில்லை. பின்பு, திகதிக்குக் கீழே, ஒவ்வொரு எழுத்தாக விழத் தொடங்கியது. விசைப்பலகையில் எவருடைய கையும் இல்லை. துப்பாக்கி வைத்திருந்த சிப்பாய் ஓரடி பின்வாங்கினான்.

எழுத்து ஆங்கிலத்தில் இருந்தது. அந்த இயந்திரத்துக்கு வேறு மொழி தெரியாது. அதிகாரியும் அவளும் அருகருகே நின்று, ஒரே வேகத்தில், வாசித்தார்கள்.

*ஜெகா, நான் உமக்கு ஒரு பொய் சொன்னேன். படிவத்தைக் கொடுத்துவிட்டேன் என்றேன். கொடுக்கவில்லை. பத்து நாளாக அது என் சட்டைப்பையிலேயே இருக்கிறது. வேறொரு படிவம் வாங்கி, நண்பனுடைய கந்தோரில் இருந்து, 'கிளாக்' என்று அடித்தும் பார்த்தேன். பிறந்த இடத்தையும் மாற்றினேன். பார்த்தால், அதில் இருந்தவன் யாரோ ஒருவன். அவனோடு நீர் எப்படிக் குடும்பம் நடத்துவீர்? கிழித்துவிட்டேன். நீர் அடித்ததே சரி. நாளைக் காலை அதையே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். கொடுத்துவிட்டு வந்து இதை முடித்து உமக்கு வாசித்துக் காட்டுவேன், நீர் ஏச வேண்டிய அளவு ஏசலாம். ஒருவேளை அதற்கு முன்*

அங்கே வெறும் வெளிகள் வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. கோடு வரியின் பாதிவரை நடந்து நின்றுவிட்டது.

அவள் அஞ்சிய சொல் அதில் இல்லை. அதன் இடத்தில் 'சரி' என்ற சொல் இருந்தது. படிவம் போய்ச் சேர்ந்ததா, போகும் வழியிலேயே அவர் மறிக்கப்பட்டாரா என்பதை அந்த எழுத்து அறியாது. அவர் சரி என்று ஏற்றுக்கொண்டதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார் என்பது மட்டும் தெரிந்தது. அது பழியைவிட இலேசாக இருக்கும் என்று எவரும் எண்ண வேண்டாம்.

"யார் எழுதியது?" என்று கேட்டார் அதிகாரி.

"என்னுடைய கணவர். தொண்ணூறாம் ஆண்டு."

அவர் கையில் இருந்த படிவத்தைப் பார்த்தார். ஒன்று என்ற இலக்கத்தைப் பார்த்தார். "இப்போது அவர் எங்கே?"

ஜெகதீஸ்வரி கையை நீட்டினாள். "அந்தப் படிவத்தில் பிழை இருக்கிறது. தயவுசெய்து திருப்பித் தாருங்கள். சரியாக அடித்துத் தருகிறேன்."

"ஐயோ அக்கா," என்றாள் நாகேஸ்வரி கதவருகிலிருந்து, தமிழில், அடித்தொண்டையால். "பேசாமல் இருங்கோ. போகட்டும், விடுங்கோ. கையெடுத்துக் கும்பிடுறன்."

"நாகேஸ், பிழையான தாளிலை நான் கையெழுத்து வைச்சிருக்கிறன். அது போகேலாது."

அவள் தாளை வாங்கிக்கொண்டு கதிரையை இழுத்து அமர்ந்தாள். மௌஸைப் பிடித்தபோது அதிகாரி, "முதலில் அதைச் சேவ் செய்யுங்கள், ஆன்ட்டி," என்றார். அவள் செய்தாள். பின்பு வீட்டுப் படிவத்தைத் திறந்தாள்.

ஆட்களின் தொகை: இரண்டு. இரண்டாம் வரி. பெயர்: நாகேந்திரம். வயது: போனபோது நாற்பத்தேழு, அவள் அறுபத்தைந்து என்று அடித்தாள். குடும்பத் தலைவிக்கு உறவு: கணவர். தொழில்: செய்தியாளர். பிறந்த இடம்: வல்வெட்டித்துறை. பழைய விசைகள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஆழமாக இறங்கி எழுந்தன. பெண் கான்ஸ்டபிள் சேலைகளை மடித்து மீண்டும் அலுமாரியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அவளும் இப்போது நின்று பார்த்தாள்.

கடைசிக் கட்டம்: தற்போது வீட்டில் இல்லாதவராயின், இருக்கும் இடம்.

ஜெகதீஸ்வரி இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கோடு நகர்ந்தது. ஓர் இடைவெளி. சற்று நின்று, இன்னோர் இடைவெளி. பின்பு விரைவாக இரண்டு. கட்டத்தின் ஓரம்வரை அது நடந்து போவதை ஐந்து பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.  தண்டவாளத்தில் ஒரு ரயில் போனது. யன்னற் கண்ணாடிகள் அதிர்ந்து ஓய்ந்தன.

இம்முறை அவள் அந்த வெளிகளை அழிக்கவில்லை. அச்சிட்டாள், வாசித்துப் பார்த்தாள், கையொப்பம் இட்டாள், பழைய தாளைக் குறுக்கே கிழித்துவிட்டுப் புதியதை நீட்டினாள்.

அதிகாரி கடைசிக் கட்டத்தில் விரல் வைத்தார். "இங்கே ஒன்றும் இல்லையே."

"அந்த இடம் எனக்குத் தெரியாது, மஹத்தயா. உங்களுடைய பக்கத்தில் யாருக்காவது தெரிந்தால் அவர்கள் நிரப்பட்டும்."

அவர் அவளைப் பார்த்தார். கோபப்படுவாரா என்பது முகத்தில் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி அணிந்தார். மற்ற வீடுகளின் படிவங்கள் எல்லாம் கான்ஸ்டபிளின் கோப்பில் இருந்தன. இந்த ஒன்றை மட்டும் அவர் நான்காக மடித்து, தம் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் பூட்டினார். சிப்பாய்களுக்குத் தலையசைத்தார். வாசற்படியில் அவருடைய காலணி இறங்கும் ஓசையும், படலை கிறீச்சிடும் ஓசையும் கேட்டன.

ஜெகதீஸ்வரி யன்னலுக்குப் போய், அந்தச் சட்டைப்பை ஒழுங்கை முனையில் திரும்பி மறையும்வரை நின்றாள்.

நாகேஸ்வரி கதவு நிலையிலேயே குந்திவிட்டாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "உங்களுக்கு விசர், அக்கா. முழு விசர்." பின்பு, திரையைப் பார்த்தபடி, வேறு குரலில் கேட்டாள்: "எல்லாம் வெளியாலை வந்திட்டுதுதானே. இனி அதுக்குப் பற்றரி தேவையில்லையே?"

ஜெகதீஸ்வரி மேசையில் கிடந்த பிளாஸ்ரர் துண்டை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். கலண்டரில் அடுத்த மாதத்துத் தாளைத் தூக்கி, முதலாம் திகதி என்ன கிழமை என்று பார்த்தாள்.

"அவர் இன்னும் முடிக்கேல்லை," என்றாள்.